மாதர் சங்கத்தின் காரியதரிசி

பிரிக்பீல்ட்ஸ் மாதர் அபிவிருத்திச் சங்கத்துக்குக் காரியதரிசி ஓர் ஆண்பிள்ளை. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. சங்கம் என்றால் கடிதம் எழுத வேண்டும், கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். இதையெல்லாம் ரயில்வே தலைமை அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருக்கும் கந்தப்புவை விட்டால் யார் செய்வார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கந்தப்புவும் அப்படித்தான் நினைத்தார்.

அவருடைய மனைவி குணபூசணி சங்கத்தின் தலைவி. தேர்தல் கீர்தல் ஒன்றும் இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் எந்தக் கிராணி பெரியவரோ அவருடைய மனைவி தலைவி, அடுத்தவருடைய மனைவி உபதலைவி. ஆண்களுக்குப் பதவி உயர்ந்தால் பெண்களுக்கு நாற்காலி மாறும், அவ்வளவுதான். தலைவிக்கு இரண்டே வேலை. கந்தப்பு பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவது ஒன்று. ஆண்டு விழாவன்று மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பது இன்னொன்று. 'தலைவியின் உரை' என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கும். அதைக் கந்தப்புவே எழுதிக் கந்தப்புவே வாசிப்பார். தடித்த மீசையைத் தடவிக்கொண்டு, மண்டபம் அதிரும் குரலில், "பெண்களாகிய நாங்கள் இனியும் அடுப்பங்கரையில் அடைந்து கிடக்க மாட்டோம்!" என்று அவர் முழங்கும்போது கைதட்டல் வானைப் பிளக்கும். பெண்களாகிய அவர்கள் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கந்தப்பு கெட்டவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. குடி இல்லை, சீட்டு இல்லை, ஒருவருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே பித்து காரியதரிசிப் பதவி. கோயில் சபை, வாசிகசாலை, மரண சகாய நிதி, உதைபந்தாட்டக் கழகம், தமிழ்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் நிர்வாக சபை என்று ஒன்பது இடங்களில் அவர்தான் காரியதரிசி. வீட்டு மேசையில் ஒன்பது ரப்பர் முத்திரைகள் வரிசையாக நிற்கும். கூட்டக் குறிப்பு விஷயத்தில் மட்டும் மனிதர் அரிச்சந்திரன். நடந்தது நடந்தபடி எழுதுவார். தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்று யாராவது முணுமுணுத்தால் அதுவும் குறிப்பில் ஏறிவிடும்.

மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம் அவர்கள் வீட்டு முன்கூடத்தில்தான் நடக்கும். பெண்கள் மட்டும் கூடுகிற இடத்தில் ஆண் உட்காருவது முறையா? முறையில்லை. ஆகவே காரியதரிசி பக்கத்து அறையில் கதவுத் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுவார். பேச்சு காதில் விழாவிட்டால், "கொஞ்சம் உரத்துக் கதையுங்கோ!" என்று திரைக்குள்ளிருந்து குரல் வரும். எல்லாருக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஐப்பசி மாதக் கூட்டத்துக்கு மார்க்கிரட் வந்தாள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியை. இருபத்து நான்கு வயது. வகுப்பறையில் புலி மாதிரி நிற்கிறவள், அன்றைக்கு முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"மாசியிலை எனக்குக் கலியாணம், அக்கா," என்றாள் குணபூசணியைப் பார்த்து. "மாப்பிள்ளைக்கு ஜெயராஜ் எண்டு பேர். கிள்ளான் ஸ்டேஷனிலை டிக்கெட் கிளார்க். கலியாணம் கட்டின பொம்பிளையைப் பள்ளிக்கூடத்திலை வைச்சிருக்க மாட்டினமாம். தை மாசத்தோடை வேலையை விட்டுவிட வேணுமாம். எனக்கு விட விருப்பமில்லை. நான் படிப்பிக்க வேணும், அக்கா. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப கிள்ளானுக்குக் குடிபோக வேண்டாமோ?" என்று கேட்டாள் உபதலைவி இராஜம்மா.

"இல்லை. அவர் இஞ்சை வந்து இருந்து, விடிய ரயிலேறி வேலைக்குப் போறாராம்."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெண்டாட்டியின் வேலைக்காகப் புருஷன் ரயிலேறுவதா? இதுவரை யாரும் கேள்விப்படாத சங்கதி. திரை ஆடியது.

"அந்த இடத்தைத் திரும்பச் சொல்லுங்கோ!" என்றது கந்தப்புவின் குரல். "ஆர் ரயிலேறிப் போறது?"

"மாப்பிள்ளை!" என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உள்ளே பேனா கீறும் சத்தம் கேட்டது.

குணபூசணி சிரிக்கவில்லை. அவள் மனம் வேறு எங்கோ இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பெண்பிள்ளைகள். மார்க்கிரட் போனால் வேறு ஆசிரியை இல்லை, ஆண் வாத்தியார்தான் வருவார். ஆண் வாத்தியாரிடம் பெண்ணைப் படிக்க அனுப்புகிற தகப்பன் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? பதின்மூன்று வயதில் படிப்பு நின்றுபோன குணபூசணிக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மார்க்கிரட்டைக் கலியாணத்துக்குப் பிறகும் வேலையில் வைத்திருக்கும்படி பள்ளிக்கூட நிர்வாக சபையைக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானம் கொண்டுவந்தாள். ஒருவர் தவறாமல் ஒப்புக்கொண்டார்கள். சங்கம் தொடங்கி ஆறு வருஷத்தில் தலைவி தன் வாயால் சொன்ன முதல் தீர்மானம் அது.

அன்று மாலையே கந்தப்பு கடிதத்தை எழுதிவிட்டார். அழகான கடிதம். குணபூசணி கையெழுத்துப் போட்டாள், மாதர் சங்க முத்திரை விழுந்தது. அதோடு அவர் எழுந்து போகவில்லை. அந்தக் கடிதத்தையே மேசையின் மறுபக்கம் நகர்த்தி, அதன் தலையில் 'பெறப்பட்டது' என்று பள்ளிக்கூட முத்திரையைக் குத்தினார். புதுத் தாளை எடுத்து எழுதினார். கால் மணி நேரத்தில் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"உம்மடை சங்கத்துக்குப் பதில் வந்திருக்கு."

"எங்கையிருந்து?"

"பள்ளிக்கூட நிர்வாக சபையிலையிருந்து."

குணபூசணி தாளை வாங்கினாள். மை இன்னும் காயவில்லை. தங்கள் மேலான கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. பதினான்காம் விதிப்படி விவாகமான ஆசிரியை பணியில் தொடர இயலாமைக்கு வருந்துகிறோம். இப்படிக்கு, கந்தப்பு, காரியதரிசி.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த கறி கருகியது.

"சபை கூடினதோ?"

"விதி தெளிவாய் இருக்கேக்கை சபை ஏன் கூட வேணும்?"

"அந்த விதியை எழுதினது ஆர்?"

"நான்தான்," என்றார் கந்தப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "இஞ்சாரும், யோசிச்சுப் பாரும். கலியாணம் கட்டினால் பிள்ளை பிறக்கும். பிள்ளை பிறந்தால் வகுப்பு நடுவிலை நிக்கும். எல்லாம் யோசிச்சுத்தான் எழுதினனான்."

"சபைத் தலைவர் சீவரத்தினம் ஐயாவுக்கு இந்தக் கடிதம் தெரியுமோ?"

"சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரைக் கரைச்சல்படுத்தக் கூடாது."

அவருக்கு அது சின்ன விஷயம். குணபூசணிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பின்வாசலில் பவுனம்மாள் வந்து நின்றாள். ரயில் பாதை போடும் கூலிக்காரர்களின் லயத்தில், வரிசை வீடு ஒன்றில், இருப்பவள். காலையில் தண்டவாளத்துச் சரளைக்கல் கூடை சுமப்பாள், பின்னேரம் குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு மாவு இடித்துக் கொடுப்பாள். மகள் தனலெட்சுமி மூன்றாம் வகுப்பில் இருந்தாள்.

"கிராணியம்மா, டீச்சரம்மா போறாங்கன்னு சொல்றாங்களே, மெய்தானா?"

"போக வேணும் எண்டுதான் சொல்லினம்."

"அப்பறம் எம்மவ படிப்பு அவ்ளோதான்மா. அவங்கப்பா இப்பவே சொல்லிட்டாரு, ஆம்பள வாத்தியாருன்னா அனுப்ப மாட்டேன்னு. லயத்துல எல்லாரும் அதான் பேசிக்கிறாங்க." பவுனம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முந்தாநேத்து ஊர்லேருந்து வந்த கடுதாசிய எம்மவதான் படிச்சுக் காட்டுனா. இதுக்கு முந்தி நான் கடுதாசிய எடுத்துக்கிட்டு வீடு வீடா அலைவேன். யாரோ ஒரு ஆம்பள எங்கம்மா செத்த சேதியப் படிச்சுக் காட்டுனாரு, வெத்தல மென்னுக்கிட்டே. நீங்கதான் தலைவி. நீங்க சொன்னா கேப்பாங்கம்மா."

குணபூசணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைவி! கையெழுத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தால்தான் எங்கே எழுதுவது என்று தெரியும் தலைவி.

"நான் சொல்லுறன்," என்றாள். சொன்ன பிறகுதான் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

வழி ஒன்றுதான் இருந்தது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. பள்ளிக்கூட நிர்வாக சபையில் உள்ளவர்கள் எல்லாரும் விருந்தாளிகளாக வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். தலைவியின் உரையில் மார்க்கிரட் விஷயத்தைச் சொல்லிவிட்டால் சீவரத்தினம் ஐயா காதில் விழாமல் போகுமா? மார்கழியில் ஒரு நாள் கந்தப்பு நல்ல மனநிலையில் இருக்கும்போது சொன்னாள். "ஓம், ஓம்," என்றார். பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கி வந்தபோது மறுபடி சொன்னாள். "அதெல்லாம் பொருத்தமாய்ச் சேர்த்துக்கொள்ளுவன்," என்றார். விழாவுக்கு முதல்நாள் உரையைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னாள். முக்கால்வாசி வாசித்துவிட்டு, "கடைசிப் பந்தி இன்னும் எழுதேல்லை. காலமை எழுதுவன்," என்று மடித்து வைத்துவிட்டார்.

"மார்க்கிரட்டைப் பற்றி எழுதுவீங்கள்தானே?"

"மார்க்கிரட்டைப் பற்றித்தான் அந்தப் பந்தியே," என்றார் கந்தப்பு. பொய் இல்லை.

விழாவன்று வாசிகசாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை நாற்காலிகளில் நிர்வாக சபைக்காரர்கள் ஐந்து பேர், ஓரத்து நாற்காலிகளில் கிராணிமார். நடுவில் சபைத் தலைவர் சீவரத்தினம், ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்குநுனியில் கோபம் வைத்திருப்பவர். அவர்களுக்குப் பின்னால் பாய்களில் பெண்கள், கிராணிமார் மனைவியர் முன்னால், லயத்துப் பெண்கள் கடைசியில். மேடையில் மாலையோடு குணபூசணி. பக்கத்தில் நின்று கந்தப்பு உரையைத் தொடங்கினார்.

"பெண்களாகிய நாங்கள்..."

அன்றைக்கு அவர் குரல் என்றுமில்லாத கம்பீரத்தோடு இருந்தது. பெண்கல்வி, பெண்ணுரிமை, கண்ணுக்குக் கண்ணான சமத்துவம் என்று வெளுத்து வாங்கினார். கைதட்டல் மேல் கைதட்டல். கடைசித் தாளைத் திருப்பினார்.

"இறுதியாக, எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நாலு வருடம் அரும்பணி ஆற்றி, இப்போது இல்லறம் என்னும் நல்லறத்தை ஏற்பதற்காகப் பணியிலிருந்து விடைபெறும் செல்வி மார்க்கிரட்டுக்குத் தலைவி என்ற முறையில் என் மனமார்ந்த வாழ்த்தைக் கூறி, இந்த வெள்ளித் தட்டை அன்பளிப்பாக வழங்குகிறேன்."

மண்டபம் கைதட்டியது. மார்க்கிரட் இரண்டாம் வரிசைப் பாயில் சிலையாகிவிட்டாள். மேடைக்கு வந்து தட்டை வாங்கிவிட்டால் போதும், ஊர் அறிய விடை கொடுத்தாகிவிட்டது, பிறகு யார் போய்க் கேட்பது? அவள் குணபூசணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், நீங்களுமா அக்கா, என்று இருந்தது. அது குணபூசணியைச் சுட்டது.

கந்தப்பு தட்டை மனைவியிடம் நீட்டினார். அவள் எழுந்தாள். தட்டை வாங்கினாள். வாங்கி மேசைமேல் வைத்தாள். மார்க்கிரட்டைக் கூப்பிடவில்லை, உட்காரவும் இல்லை. கைதட்டல் தானாக ஓய்ந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் உரத்து!" என்றார் சீவரத்தினம்.

"எல்லாருக்கும் வணக்கம்!" இந்த முறை கூரையில் பட்டுத் திரும்பியது. "இவர் வாசிச்சது நல்லாய் இருந்தது. ஆனால் கடைசியிலை வாசிச்சது என்ரை பேச்சு இல்லை. மார்க்கிரட்டை நான் வழியனுப்பேல்லை."

கந்தப்பு கையில் தாளோடு நின்றார்.

"எனக்குப் பேசத் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்லுறன். எங்கடை ஊரிலை எங்களுக்கு ஒரு வாத்தியாரம்மா இருந்தவ. நல்லவ. எனக்குப் பதின்மூண்டு வயசிலை அவவுக்குக் கலியாணம் நடந்தது. நாங்கள் எல்லாரும் பூமாலை கட்டிக்கொண்டு போய்ப் போட்டுச் சந்தோஷமாய் அனுப்பினம். அடுத்த திங்கட்கிழமை ஒரு வாத்தியார் வந்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை எங்கடை ஐயா என்னை மறிச்சுப் போட்டார். நான் மட்டுமில்லை, பதினெட்டுப் பிள்ளையளுக்குப் படிப்பு நிண்டது. அந்தக் கிழமைதான் எங்களுக்குப் பெருக்கல் கணக்கு முடிஞ்சது. அடுத்த வாரம் பிரித்தல் தொடங்கியிருக்கும். எனக்கு இப்ப முப்பத்தாறு வயசு. பெருக்குவன். பிரிக்கத் தெரியாது."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"இஞ்சை முப்பத்தொரு பிள்ளையள் இருக்கினம். அவையள் எந்தக் கணக்கிலை நிக்கப் போகினம் எண்டு எனக்குத் தெரியாது. மார்க்கிரட் கலியாணம் கட்டட்டும். நல்லாய் இருக்கட்டும். கலியாணம் கட்டினவுடனை அவ படிச்சது மறந்து போகுமோ? இஞ்சை இருக்கிற கிராணிமார் எல்லாரும் கலியாணம் கட்டினவைதான். ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்டினதாய் நான் கேள்விப்படேல்லை." அவள் பாய்களின் பக்கம் திரும்பினாள். "மார்க்கிரட் வேலையிலை இருக்க வேணும் எண்டிறவை கையை உயர்த்துங்கோ."

முன்பாய்ப் பெண்கள் நாற்காலியில் இருந்த தங்கள் புருஷன்மாரைப் பார்த்தார்கள். கடைசிப் பாயில் ஒரு கை எழுந்தது. காய்ப்புக் காய்த்த கை, பவுனம்மாளுடையது. அவளைப் பார்த்து லயத்துப் பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள். இராஜம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, தான் உபதலைவி என்பது ஞாபகம் வந்தவளாகச் சட்டென்று கையை உயர்த்தினாள். பிறகு மண்டபம் முழுக்க வளையல் சத்தம்தான்.

சீவரத்தினம் எழுந்தார்.

"கந்தப்பு! இந்த விஷயமாய் மாதர் சங்கம் முந்தி ஏதும் தீர்மானம் போட்டதோ?"

கந்தப்பு தாளை வைத்துவிட்டுக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். குணபூசணி அவரைப் பார்க்கப் பயந்து மேசையில் இருந்த தட்டைப் பார்த்தாள். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஐப்பசி மாதக் கூட்டம்," என்று வாசிக்கத் தொடங்கினார் கந்தப்பு. ஒரு சொல் விடவில்லை. செல்வி மார்க்கிரட் தான் தொடர்ந்து படிப்பிக்க விரும்புவதாகக் கூறியது, மாப்பிள்ளை ரயிலேறிப் போவார் எனத் தெரிவித்தது, சபையில் சலசலப்பு ஏற்பட்டது, ஆர் போவது எனக் காரியதரிசி வினவியது, தலைவி கொண்டுவந்த தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, எல்லாம் வந்தன. நேர்மையான மனிதர். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டபோதும் குரல் பிசகவில்லை.

"பிறகு எங்களுக்குக் கடிதம் எழுதினதோ?"

"எழுதினது."

"எழுதினது ஆர்?"

"நான்."

"கடிதம் வந்து சேர்ந்ததோ?"

"சேர்ந்தது."

"வாங்கினது ஆர்?"

"நான்."

"மறுமொழி?"

"அதுவும்... நான்தான்."

சீவரத்தினம் ஐயாவின் தோள் குலுங்கியது. கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அதோடு மண்டபமே உடைந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கந்தப்பு முதலில் விழித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், மீசைக்கடியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சபையில் ஏழு பேருக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள், இங்கேயே கூடலாம் என்றார் சீவரத்தினம். நாற்காலிகளை வட்டமாகத் திருப்பினார்கள். இராமலிங்கம் என்ற கடைக்காரர் மட்டும் மறித்தார்.

"பிள்ளை பிறந்தால் என்ன செய்யிறது? ஆர் பாக்கிறது?"

"இந்த மண்டபத்திலை அறுபது பேர் இருக்கிறம், அண்ணை," என்றாள் இராஜம்மா பாயில் இருந்தபடியே. "ஒரு பிள்ளையை வளர்க்கத் தெரியாமலோ இருக்கிறம்?"

நாலு பேர் சரி என்றார்கள், இராமலிங்கம் வேண்டாம் என்றார். பதினான்காம் விதி நீக்கப்பட்டது. காரியதரிசிக்கு வாக்கு இல்லாதபடியால் கந்தப்பு எழுதிக்கொண்டு மட்டும் இருந்தார். வெள்ளித் தட்டைக் கலியாணப் பரிசாகவே வைத்துக்கொள்ளும்படி மார்க்கிரட்டிடம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு குணபூசணியைக் கட்டிப்பிடித்து அழுதாள். குணபூசணிக்கு மாலை நசுங்கியது தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வந்ததில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் பயம் வந்தது. கந்தப்பு ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக விழா முடிந்தால் ஒவ்வொரு கைதட்டலையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயைத் திறந்தார்.

"என்னட்டை முந்தியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான்."

அவர் யோசித்தார். விரலை மடக்கினார், ஒன்று, இரண்டு, மூன்று. கணக்குச் சரியாக இருந்தது போலும். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குணபூசணி தேத்தண்ணியோடு போனபோது அவர் மாதர் சங்கக் குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'தலைவியின் உரை' என்று தலைப்பு இருந்தது. கீழே பக்கம் வெறுமையாக இருந்தது.

"அடுத்த கூட்டத்திலை நான் இந்தச் சங்கத்தை விட்டுடுறன்," என்றார். "மார்க்கிரட் எழுதட்டும். அவவின்ரை கையெழுத்து முத்து மாதிரி. எனக்கு இன்னும் எட்டு இருக்குத்தானே."

"கோபமோ?"

"கோபமில்லை." பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "வெட்கமாய்க் கிடக்கு. பதினெட்டு வருஷமாய் ஒரே வீட்டிலை இருக்கிறம். உமக்குப் பிரித்தல் தெரியாதெண்டு நேற்றுத்தான் எனக்குத் தெரியும். அதுவும் ஊரோடை சேர்ந்து."

கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நேற்று நீர் பேசினதை நான் எழுதேல்லை," என்றார். "கை ஓடேல்லை. அதை எழுதாமல் போக எனக்கு மனமில்லை, குறிப்பு முழுசாய் இருக்க வேணும். திரும்பச் சொல்லும். முதலிலையிருந்து."

"இப்பவோ?"

"இப்பத்தான்."

"நிண்டு சொல்லவோ, இருந்து சொல்லவோ?"

"சபையெண்டால் நிண்டுதான்," என்றார் கந்தப்பு.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். வெட்கத்தில் முதல் இரண்டு வசனம் தடுமாறியது. பிறகு வந்தது. வாத்தியாரம்மா வந்தாள், பூமாலை வந்தது, திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வந்தன. சொல்லிக்கொண்டு போகையில், நேற்று மண்டபத்தில் சொன்னதைவிட இந்த ஒரு மனிதருக்கு முன்னால் சொல்வது கடினமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. அவர் பேனாவைத் தொடவே இல்லை. தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

கடைசி வசனத்துக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள். அதை யாரிடம் கேட்பது?

"ஏன் நிப்பாட்டினீர்? முடியேல்லையே. சொல்லும்."

"மார்க்கிரட் வேலையிலை இருக்க வேணும் எண்டிறவை கையை உயர்த்துங்கோ," என்றாள் குணபூசணி மெதுவாக.

ஒன்பது முத்திரைகளுக்கு நடுவிலிருந்து கந்தப்பு தன் வலது கையைத் தலைக்குமேல் தூக்கினார்.